திரும்பாத சீசாக்கள்

எங்கள் தெரு முனையில் ஓர் அண்ணாச்சி கடை. வாசலில், குழி குழியாகத் தடுத்த மரப்பெட்டிக்குள் கோலி சோடா நிற்கும். வாங்கினால் அங்கேயே நின்று குடித்துவிட வேண்டும். சீசாவும் கையுமாக இரண்டடி நகர்ந்தால் கல்லாவிலிருந்து குரல் வரும்: "தம்பி, சீசா!" பாட்டிக்கு வயிறு மந்தம் என்று வீட்டுக்கு வாங்கிப்போக வேண்டுமானால் முன்பணம் கட்ட வேண்டும். சோடாவின் விலையைவிட அந்த முன்பணம் அதிகம். பாட்டி குடித்து ஏப்பம் விட்ட மறு நிமிடம் நான் காலிச் சீசாவோடு ஓடுவேன். அம்மாவுக்கு அந்தக் காசு முக்கியம். அண்ணாச்சிக்கு அந்தச் சீசா முக்கியம். 1970களின் நடுவில் எங்கள் ஊரில் சீசா என்றால் போய்விட்டுத் திரும்பி வருகிற சாமான்.

இன்று என் வீட்டு அலமாரியில் நாற்பது கோலி சோடா சீசாக்கள் இருக்கின்றன. மருந்துச் சீசா, மைக்கூடு, அத்தர் குப்பி எல்லாம் தனி. வந்தவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாராவது விலை கேட்கும்போதெல்லாம் எனக்கு அண்ணாச்சி ஞாபகம் வரும். அவர் இருந்து, இந்த அலமாரி முன்னால் வந்து நின்றால் ஒன்றுதான் கேட்பார்: "இத்தனையையுமா திருப்பிக் கொடுக்காம வெச்சிருக்கே?"

தாழ்ப்பாள் ஆன கோலி

கோலி சோடா நம்மூர்ச் சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். சீசா இங்கிலாந்துக்காரருடையது. ஹைரம் காட் என்ற பொறியாளர், தக்கை விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதற்கு முன்பெல்லாம் சோடாவைத் தக்கையால்தான் அடைத்தார்கள். தக்கை காய்ந்தால் சுருங்கும், வாயு ஓடிவிடும். அதற்காகவே படுக்கவைக்க மட்டுமே முடிகிற, அடி கூர்த்த சீசாக்கள் இருந்தன. உள்ளே இருக்கும் தண்ணீர் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டுமே! தக்கையை விற்றுக்கொண்டிருந்த மனிதரே தக்கை இல்லாத சீசாவைக் கண்டுபிடித்தார். 1870இல் முதல் காப்புரிமை. நாம் பார்க்கிற வடிவம் 1872இல்.

வாயின் உட்புறத்தில் ஒரு பள்ளம், அதில் ஒரு ரப்பர் வளையம். அதற்குக் கீழே நெரித்த கழுத்து. இரண்டுக்கும் நடுவே கோலி சிறைப்பட்டிருக்கும். சீசாவை இரும்புச் சட்டத்தில் தலைகீழாக மாட்டி, தண்ணீரையும் வாயுவையும் அழுத்தி ஏற்றுவார்கள். கோலி வாய்ப்பக்கம் விழுந்து ரப்பரில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சீசாவை நிமிர்த்தினாலும் இறங்காது. வெளியேறத் துடிக்கிற வாயுவே கோலியை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் ஓர் அழுத்து. 'புஸ்' என்று சீறி இறங்கும். கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு உட்குழிவுகள் இருக்கும். அந்தப் பக்கம் கீழே வரும்படி பிடித்துக் குடித்தால் கோலி அதில் தங்கிவிடும். எதிர்ப்பக்கம் பிடித்தால் கோலி வாயை அடைத்துக்கொள்ளும். புதிதாகக் குடிக்கிறவனை ஊர்க்காரன் அடையாளம் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

1892இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். பல் பல்லாக மடித்த அந்த மூடி வந்தபிறகு இங்கிலாந்தில் காட் சீசாவுக்கு இறங்குமுகம். இங்கே மட்டும் அது இன்னொரு ஆயுசு வாழ்ந்தது. மூடி வாங்க வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு ரப்பர் வளையமும், சக்கரத்தைச் சுற்ற ஓர் ஆளும் இருந்தால் எந்தச் சந்திலும் சோடாக் கம்பெனி. கட்சிக் கூட்டமென்றால் மேடையில் பேச்சாளருக்கு சோடா. கூட்டம் கலவரமானால் அதே சீசா பறக்கும். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவன் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் 'சோடாபுட்டி'. ஒரு சீசா பேச்சுவழக்குக்குள்ளேயே புகுந்துவிட்ட காலம் அது.

கண்ணாடியைக் குப்பையில் போடாத ஊர்

சோடா மட்டுமில்லை, எந்தச் சீசாவும் வீட்டை விட்டு லேசில் போகாது. ஹார்லிக்ஸ் வாங்குவதில் பாதி காரணம் அந்தப் பாட்டில்தான். காலியானதும் நாரத்தங்காய் ஊறுகாய் அதில் குடியேறும். அமிர்தாஞ்சன் தீர்ந்தால் அந்தச் சின்னப் புட்டி விபூதிக்கோ சுண்ணாம்புக்கோ. மைக்கூட்டு மூடியில் ஓட்டை போட்டுத் திரியை நுழைத்தால் சீமெண்ணெய் விளக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் காலிச் சீசாவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் ரோஸ் நிறத் தண்ணி மருந்தை அதில் ஊற்றுவார். ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் கத்திரியால் நறுக்கி விரித்தால் பல் பல்லாக வரும். அதைச் சீசாவின் பக்கவாட்டில் பசை தடவி ஒட்டுவார். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரைக்கும் ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அளவு தப்பாமல் குடித்தது அந்தக் காகிதத்தை நம்பித்தான்.

இதற்கெல்லாம் மிஞ்சிய சீசா பேரீச்சம்பழக்காரரிடம் போகும். பழைய இரும்பு, ஈயம், பித்தளை என்று கூவிக்கொண்டு வருவார். சீசாவை வாங்கியதும் விளிம்பைச் சுற்றி ஆள்காட்டி விரலை ஓட்டுவார். நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். 'டங்' என்று நீளமாகக் கேட்டால் நல்ல சீசா, 'டக்' என்று அடங்கினால் விரிசல். அதற்குத் தக்கபடி நாலு பழமோ ஆறு பழமோ. அந்த விரலும் நகமும்தான் அன்றைய சீசா வியாபாரத்தின் மொத்தப் படிப்பு.

பெயர் பொறித்த சீசாவுக்கு மட்டும் கூடுதல் மரியாதை இருந்தது. சோடாக் கம்பெனிகள் தங்கள் பெயரையும் ஊரையும் கண்ணாடியிலேயே புடைப்பெழுத்தாக வார்த்து வாங்கின. அழகுக்காக இல்லை. பக்கத்து ஊர்க் கம்பெனிக்காரன் நம் சீசாவில் அவன் சோடாவை அடைத்து விற்றுவிடக் கூடாதே! இங்கிலாந்திலும் இதே தொல்லைதான். வழிதவறிய சீசாக்களைப் பிரித்து உரியவருக்கு அனுப்பிவைக்க வியாபாரிகள் அங்கே சங்கமே வைத்திருந்தார்கள். கண்ணாடியில் பெயர் பொறித்தது, சீசா வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக.

சேகரிப்பவன் பிறந்த கதை

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய சீசா சேகரிப்பு 1960களிலும் 1970களிலும் ஒரு காய்ச்சலாகவே பரவியது. அங்கே சீசா கிடைத்தது குப்பைமேட்டில். விக்டோரியா காலத்து வீடுகள் அடுப்புச் சாம்பலோடு சேர்த்துக் கொட்டிய குப்பையை மண்வெட்டியால் தோண்டினால் மைக்கூடு, மருந்துக் குப்பி, சோடா சீசா எல்லாம் முழுசாக வரும். காட் சீசா மட்டும் பெரும்பாலும் உடைந்தே வரும். கோலிக்காக அங்கத்துப் பையன்களும் நம்மைப் போலவே அதை உடைத்திருக்கிறார்கள்!

நம்மூரில் அப்படித் தோண்ட முடியாது. தோண்டினால் ஓட்டாஞ்சில்லுதான் வரும். முழுச் சீசாவைக் குப்பையில் போடுகிற வசதி நமக்கு எப்போது இருந்தது? இங்கே பழைய சீசா கிடைக்கிற இடங்கள் வேறு: வீட்டுப் பரண், தூர்வாரிய கிணறு, மூடிப்போன சோடாக் கம்பெனியின் பின்கட்டு. 1990களின் தொடக்கத்தில் எனக்கு முதல் சீசா கிடைத்ததும் அப்படி ஒரு பின்கட்டில்தான். கம்பெனி நின்று வருஷக்கணக்கு. உள்ளே தகரக் கொட்டகையில் ஆள் உயரத்துக்குச் சீசா. கிலோக் கணக்கில் காயலான் கடைக்குப் போகப் போகிறது என்றார் அங்கிருந்த பெரியவர். கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கடல்நீர்ப் பச்சை, உள்ளே மிளகு மிளகாகக் காற்றுக்குமிழ், அடிப்பக்கம் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்ப் பெயர். காட் சீசா வார்ப்பதில் பேர்போன ரைலண்ட்ஸ் கண்ணாடி ஆலை அங்கேதான் இருந்தது. யார்க்ஷயரில் உருகிய மணல், கப்பலேறி வந்து, எங்கள் ஊர்ப் பாட்டிகளின் வயிற்று மந்தத்தைத் தீர்த்துவிட்டு, கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. "எவ்வளவு?" என்றேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சோடா இல்லாத சீசாவுக்கு என்ன தம்பி விலை, எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

அப்போது இதையெல்லாம் சேர்க்கிறவர்கள் கைவிரலில் அடங்குவார்கள். சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தவரை பழைய சாமானுக்கு அதுதான் காசி. 1985 மே மாதம் அது எரிந்தது. அதன் பிறகு காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகள் கைமாறக் கைமாற ரவிவர்மா படமும் எனாமல் தூக்கும் பீங்கான் ஜாடியும் கண்ணாடிக் குப்பிகளும் வந்து குவிந்தன. சீசா அங்கேயும் கடைசி இருக்கைதான். பெரிய ஜாடி வாங்கினால் சின்ன மருந்துக் குப்பி கொசுறு.

கையால் பார்த்தது, கண்ணால் பார்ப்பது

இன்று அந்தக் கொசுறுக்குத் தனிச் சந்தை. வாங்குகிறவர் கோவையில், விற்கிறவர் கொல்கத்தாவில். நடுவில் இருப்பது நாலு புகைப்படம். முழு உருவம் ஒன்று, வாய் ஒன்று, அடி ஒன்று, எழுத்து ஒன்று. இந்த நாலும் சரியாக இல்லையென்றால் எவரும் பேச்சே எடுப்பதில்லை.

நான் முதன்முதலில் சீசாவைப் படமெடுக்க ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனபோது, "காலி பாட்டிலுக்கா சார் பிலிம் வேஸ்ட் பண்றீங்க?" என்று சிரித்தார்கள். பிலிம் சுருளில் மொத்தம் 36 படம். அதில் மூன்றைக் கண்ணாடிக்குக் கொடுப்பது ஊதாரித்தனம்தான். எடுத்த படமும் சரியில்லை. சீசாவுக்கு முன்னால் விளக்கு அடித்தார்கள். கண்ணாடியில் தெரிந்தது ஸ்டூடியோவும் நானும்தான்.

கண்ணாடியைப் படமெடுக்க விளக்கை அதன் பின்னால் வைக்க வேண்டும். இது புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. இப்போது என் முறை இதுதான்: கிழக்கு ஜன்னலில் ஒரு பட்டர் பேப்பரை ஒட்டிவிடுவேன். காலை வெயில் அதில் பட்டுப் பால்போலப் பரவும். அதற்கு முன்னால் சீசா. இரண்டு பக்கமும், படத்துக்குள் விழாத தூரத்தில், கறுப்பு அட்டை. அந்தக் கறுப்பு சீசாவின் ஓரத்தில் கோடுபோல ஏறி உருவத்தைப் பிரித்துக் காட்டும். அட்டை இல்லையென்றால் வெளிச்சத்தில் சீசா கரைந்துபோகும். புடைப்பெழுத்து வேண்டுமா, பக்கவாட்டில் தாழ்வாக ஒரு டார்ச். எழுத்தின் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாகப் பெயர் எழுந்து நிற்கும். வெறுங்கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற பழைய மதுச் சீசா பின்வெளிச்சத்தில் இருண்ட ஆலிவ் பச்சையாக மாறுவதைப் பார்த்த முதல் நாள், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புகைப்படம் எங்களுக்குப் படிக்கவும் கற்றுக்கொடுத்தது. பச்சைச் சாயல் மணலில் உள்ள இரும்பால் வருவது. அதைப் போக்க ஒரு காலத்தில் மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிச் செய்த வெள்ளைக் கண்ணாடி வருஷக்கணக்கில் வெயில் பட்டால் மெல்லிய கத்திரிப்பூ நிறம் ஏறும். அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் முழுத் தானியங்கி சீசா இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் ஊதி வார்த்த மருந்துச் சீசாக்களில் அச்சுக்கோடு கழுத்திலேயே நின்றுவிடும், வாயைத் தனியாகக் கருவியால் இழைத்ததால். இயந்திரச் சீசாவில் கோடு உதடு வரைக்கும் ஏறும். ஆறுபட்டை நீலச் சீசாவில் வரிவரியாகப் புடைப்பு இருந்தால் அது விஷ மருந்து. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தடவினாலும் விரல் எச்சரிக்க வேண்டும் என்று அப்படி வார்த்தார்கள். பேரீச்சம்பழக்காரருக்கு இதில் எதுவும் தெரியாது. எங்களுக்கு எல்லாம் தெரிகிறது.

ஆனால் அவருக்குத் தெரிந்தது எங்களுக்கு விட்டுப்போனது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசாவைப் படத்தில் பார்த்து மயங்கிப் பணம் அனுப்பினேன். பின்வெளிச்சத்தில் மரகதம்போல ஜொலித்தது. பார்சலைப் பிரித்து, பழக்கதோஷத்தில் நகத்தால் ஒரு தட்டு தட்டினேன். 'டக்'. அடிவிளிம்பில் முடிபோல ஒரு விரிசல். பலமான பின்வெளிச்சம் அதை விழுங்கியிருந்தது. சாய்வாக வெளிச்சம் அடித்திருந்தால் வெள்ளிக்கம்பிபோல மின்னியிருக்கும். ஈரமண்ணில் கிடந்த சீசாவுக்கு ஒரு நோய் வரும். கண்ணாடியிலுள்ள உப்புகள் கரைந்து மேற்பரப்பு பால் படர்ந்ததுபோல மங்கிவிடும். எண்ணெயைத் தடவிப் படமெடுத்தால் அது மறையும். காய்ந்ததும் திரும்பி வரும். வெள்ளைச் சீசாவுக்குக் கதிர்வீச்சு கொடுத்துக் கத்திரிப்பூ நிறம் ஏற்றி, நூறு வருஷத்து வெயில் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையான சூரியன் இவ்வளவு அடர்த்தியாகச் சாயம் போடாது.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள், பெயர் பொறித்த சென்னை சீசாக்களைக் கேட்டு எழுதுகிறார்கள். அனுப்புவதில்லை. நூறாண்டு தாண்டிய, அந்தக் காலத்துக் கைத்தொழிலையும் வாழ்க்கையையும் காட்டுகிற பொருள், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடலாம். அப்படிப்பட்டதைத் தனியாள் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. கொட்டகையில் கிலோக் கணக்கில் கிடந்தது, இன்று சட்டத்தின் வாசலில் நிற்கிறது.

சுற்றின் தழும்பு

ஒரு நல்ல கோலி சோடா சீசாவைக் கையில் எடுத்தால், தோள்பட்டையிலும் அடிவயிற்றிலும் ஒட்டியாணம்போல ஒரு வெளிறிய பட்டை தெரியும். பெட்டிக்குள் பக்கத்துச் சீசாவோடு உரசி உரசி வந்த தேய்மானம். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் டெம்போவிலுமாக, போய்விட்டு வந்து, போய்விட்டு வந்து, எத்தனை நூறு தடவையோ. பட்டை இருந்தால் விலை குறைவு. படமெடுக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். பளிங்குபோல இருக்கிற சீசாவுக்குத்தான் கிராக்கி. பளிங்குபோல இருக்கிற சீசா என்றால் என்ன அர்த்தம்? வேலைக்குப் போகாத சீசா. அல்லது முதல் தடவையே யாரோ முன்பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அமுக்கிக்கொண்ட சீசா. வீடு திரும்ப வேண்டும் என்று பொறித்த பெயருக்குத்தான், வீடு திரும்பாததால், இன்று இத்தனை விலை. நான் தேய்ந்த பக்கத்தை முன்னால் திருப்பித்தான் படமெடுக்கிறேன். என் படங்களுக்கு விருப்பக்குறி குறைவுதான்.

கோலி சோடா இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2014இல் அந்தப் பெயரில் ஒரு படம் ஓடியது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில், வெளிநாட்டுக் குளிர்பானங்களை மார்ச் முதல் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் சொன்னபோது, விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோவையும் மூலைக்கடைக் கோலி சோடாவையும் இளைஞர்கள் தேடிப்போனார்கள். இன்று புளூபெர்ரி வாசனையில்கூட வருகிறது. வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகிறது.

போன மாதம் சென்னையில் ஒரு வணிக வளாகத்துச் சாப்பாட்டுக் கடையில் வாங்கினேன். புதுச் சீசா, அதே நெரித்த கழுத்து, அதே கோலி. சோடாவின் விலையில் அண்ணாச்சி ஒரு பெட்டியே கொடுத்திருப்பார். பக்கத்து மேசையில் மூன்று பேர் அதைத் திருப்பித் திருப்பிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இன்னும் திறக்கவில்லை. நான் உட்குழிவைக் கீழே பிடித்துக் குடித்து முடித்து, சீசாவைக் கல்லாவில் இருந்த பெண்ணிடம் நீட்டினேன்.

"வேணாம் சார், நீங்களே எடுத்துக்கோங்க. எல்லாரும் எடுத்துட்டுத்தான் போறாங்க."

"முன்பணம் எதுவும்...?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சிரித்தாள்.

சீசாவைத் தடவிப் பார்த்தேன். தோளிலும் அடியிலும் ஒரு கீறல் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். உள்ளே கோலி 'கிளிங்' என்று உருண்டது. வாசல்வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை.